தைப்பிங் போர்க் கல்லறையில் இந்திய வீரர்களே இல்லையா?

சுங்கை சிப்புட் தோட்டப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தைப்பிங் போர்க் கல்லறையில் இருப்பவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்களாம். இரண்டாம் உலகப் போரில், 1941இல் கடல் கடந்து வந்து இங்கே மாண்ட இளம் இந்திய வீரர்களுக்கு ஒரு கல்கூட இல்லையாம். இது தவறு.

புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலை அந்தக் கல்லறையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள். எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள், இந்திய, கூர்க்கா வீரர்களின் கற்கள் வரிசையாக நிற்கின்றன. இரு பக்கமும் சேர்த்து மொத்தம் 850க்கும் அதிகமான வீரர்கள். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் அடையாளம் தெரியாதவர்கள். பெயரில்லாத கல் என்றால் உடலை அடையாளம் காண முடியவில்லை என்றுதான் பொருள், ஒதுக்கிவிட்டார்கள் என்பதல்ல. தகனம் செய்யப்பட்டவர்கள், உடல் கிடைக்காதவர்கள் பலரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கின்றன.

சரி, எப்படி உறுதி செய்வது? இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம், இலவசம்தான். பல பதிவுகளில் வயது, தகப்பனார் பெயர், சொந்த ஊர்கூட இருக்கும். இருபது வயதுப் பையன்களின் பதிவுகளைப் படிக்கும்போது மனம் கனத்துப் போகிறது.

அவர்களுக்குக் கல்லே இல்லை என்று சொல்வது அவர்களை இன்னொரு முறை மறப்பதாகும். அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.