காதை அடைத்துக்கொண்டுதான் மேளம் கேட்கிறேன்

எங்கள் அம்மன் கோயில் கொடைவிழா முடிந்து பத்து நாள் ஆகிறது. பந்தல் பிரித்தாயிற்று. குருத்தோலைத் தோரணம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஊரில் ஒரு பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. “காதை அடைத்துக்கொண்டு சிங்காரி மேளத்துக்கு முன்னால் நின்றாரே, பார்த்தீர்களா?” தோளில் தொங்கவிட்டுக் குச்சியால் அடிக்கும் செண்டைகளோடு ஒரு குழுவாக வாசிக்கும் கேரளத்து மேளம் அது. அதன் முன்னால் அப்படி நின்றவன் நான்தான். நேரில் கேட்டவர்களுக்கு நேரிலேயே பதில் சொன்னேன். கேட்காமல் போனவர்களுக்காகவும், என்னைப்போல் செண்டைச் சத்தம் எழுந்தால் வீட்டில் கால் தரிக்காத மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் மேளத்தோடு வளர்ந்தவன். கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்கும் கருங்கலுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். பதினேழு வயதில் ஒரு குழுவில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் இலத்தாளம் என்கிற கைத்தாளம் பிடித்தேன். உருட்டுச் செண்டை முன்வரிசையில் பொழிய, வீக்கன் செண்டை பின்னால் நின்று காலம் பிடிக்க, நடுவில் தாளம் தட்டியபடி ஊர் ஊராகப் போயிருக்கிறோம். 1956-இல் எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, செண்டை எங்களோடுதான் இருந்தது. முத்தாரம்மன் கொடையானாலும் கிறிஸ்தவர்களின் சிலுவைக் கோயிலான குருசடியின் திருவிழாவானாலும் அந்த முதல் உருட்டு விழுந்தால்தான் எங்களுக்கு விழா தொடங்கியதாகக் கணக்கு. ஆகவே ‘சத்தம் பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே’ என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு அது பிடிக்கும். சாகும்வரை கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அந்த ஆசையால்தான் காதை அடைக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரி ஒன்று நடந்தது. மேடைக்கு இடப்புறம் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒலிபெருக்கி பாக்ஸ் அடுக்கியிருந்தார்கள். பாடுகிறவர்கள் தெரிந்த பையன்கள் என்பதால் முன்னே போய், அந்த அடுக்குக்கு நான்கடி தள்ளி இரண்டரை மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்தபோது மனைவி பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. காலையில் வலது காது தெளிந்தது. இடது காது தெளியவில்லை. உள்ளே ‘கீ’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. தானாக நின்றுவிடும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. பெருஞ்சத்தத்துக்குப் பிறகு காது அடைத்து, ஓரிரு நாளில் திறக்கவில்லையென்றால் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மருந்தால் ஏதாவது மீட்க முடியுமென்றால் அது முதல் சில நாட்களில்தான்.

மருத்துவர் கேட்கும் திறனைச் சோதித்து ஒரு வரைபடம் கொடுத்தார். கோடு சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கூர்மையான ஒலி அருகே பள்ளத்தில் விழுந்து, பிறகு கொஞ்சம் ஏறியிருந்தது. சத்தத்தால் கெட்ட காது பெரும்பாலும் இப்படித்தான் வரைபடத்தில் தெரியும் என்றார். உள்காதில் நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ பதினைந்தாயிரம் மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியை நரம்புக்கு எடுத்துக் கொடுப்பவை அவை. வயலில் பெருங்காற்றில் சாய்ந்த நெற்பயிர் நிமிர்வதுபோல், ஓரளவு சத்தத்துக்குப் பிறகு அவை தேறிவிடும். அளவு மீறினால் அடியோடு போய்விடும். கோழிக்கு அந்த அணு போனால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. இதை அவர் சொன்னபோது நான் எதுவும் பேசவில்லை. வெளியே வந்து வெகுநேரம் பைக்கின்மேல் சாய்ந்து நின்றேன்.

இழந்தது என்ன என்று கேட்டால், சத்தம் கேட்காமல் போகவில்லை. லாரியின் ஹாரன் கேட்கிறது, இடி கேட்கிறது. சொல்லின் விளிம்புதான் போய்விட்டது. ச, ஸ, ஷ போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் மங்கிவிட்டன. கல்யாண மண்டபத்தில் நாலு பேர் கூடிப் பேசினால் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். தங்கையின் சின்ன மகள் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளும் இப்போது வலப்பக்கம் சுற்றிவந்து கூப்பிடப் பழகிவிட்டாள். மழை ஓய்ந்த இரவில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் தோட்டத்தில் சில்வண்டு கத்துகிறதா, என் காதுக்குள்ளேயே அந்தக் ‘கீ’ கத்துகிறதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது.

அதன் பிறகுதான் கணக்கையெல்லாம் தேடிப் படித்தேன். முன்பே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்ற ஆதங்கம் அன்றே வந்தது. சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்பது தொழிற்பாதுகாப்பு நிபுணர்கள் வைத்திருக்கும் எல்லை. அதற்குமேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. 100 டெசிபலுக்கு வந்தால் வெறும் பதினைந்து நிமிடம்! இந்த முறை எங்கள் கொடையில் பாக்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில் கைப்பேசிச் செயலி ஒன்றை வைத்துப் பார்த்தேன். 103 காட்டியது. கைப்பேசியின் அளவு கருவியின் அளவுபோல் துல்லியமானதல்ல என்று தெரியும். நாலைந்து டெசிபல் குறைத்து வைத்துக்கொண்டாலும் இருபது நிமிடத்துக்குமேல் அங்கே நிற்பது தகாது. அங்கே ஒரு தாய் ஆறு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். “மக்களே, கொஞ்சம் பின்னால் போய் நில்லம்மா” என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டு பின்னுக்கு அனுப்பினேன். கைக்குழந்தைக்குப் பஞ்சும் காதடைப்பானும் வேண்டாம். தூரம்தான் அதற்குக் காப்பு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறையும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். உச்ச நீதிமன்றமும் 2005-இல் இதையெல்லாம் உறுதியாகச் சொல்லிவிட்டது. நம் ஊர்களில் நடப்பது உங்களுக்கே தெரியும். கோயில், குருசடி, பள்ளிவாசல், கட்சி மேடை, கல்யாண வீடு என்று எதையும் தனியே பிரிக்க நான் விரும்பவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஊர்க் கமிட்டியில் ஒவ்வொரு ஆண்டும் பேசுகிறேன், இனியும் பேசுவேன். ஆனால் அது நடக்கும்வரை காது காத்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்று ஒரு வரையறை வெளியிட்டது. பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஒலியை அளந்துகொண்டே இருக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓரிடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. இதில் எதுவுமே நம் கொடைக்குப் பெரிய செலவில்லை. வாண வேடிக்கைக்கு ஆகிற காசில் மிகச் சிறிய பங்குதான்.

காதடைப்பான் என்று நான் எழுதுவதை மருந்துக் கடையில் இயர் பிளக் என்று கேளுங்கள். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ விரல் நுனி அளவில் இருக்கும் மெத்தென்ற நுரைத் துண்டு. ஜோடி இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டால் போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது. வெறும் பஞ்சு பெயருக்குத்தான் தடுக்கும். அதை நம்பி பாக்ஸ் பக்கத்தில் நிற்பது ஆபத்து. 1907-இல் பெர்லினில் ஒரு மருந்தாளுநர் பஞ்சில் மெழுகைச் சேர்த்துக் காதுக்கு அடைப்பான் செய்தார். அவருக்கே அன்று தெரிந்த விஷயம், வெறும் பஞ்சு ஒலியை நிறுத்தாது என்பது.

நுரை அடைப்பானிலும் வைக்கிற விதம் முக்கியம். கொடையன்று பாதிப் பேர் அதைக் கடுக்கன்போல் காது வாயிலில் ஒட்டவைத்துக்கொண்டு ‘ஒன்றும் குறையவில்லையே’ என்றார்கள். கையைக் கழுவிவிட்டு, துண்டை விரல்களுக்கிடையில் மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காதை மேலே, பின்னோக்கி இழுத்தால் துவாரம் நேராகும். திரியை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை முப்பது எண்ணி விரலால் பிடித்திருக்க வேண்டும். நன்றாகப் பொருந்தினால் நம் குரலே நமக்குள் கனமாகக் கேட்கும். அதுதான் அடையாளம். பொட்டலத்தில் 30 டெசிபல் குறையும் என்று அச்சிட்டிருந்தாலும், அரைகுறையாக வைத்தால் அதில் பாதிகூடத் தேறாது.

ஒரு குறையும் உண்டு. நுரை அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்கும். இலத்தாளத்தின் கணகணப்பு மங்கி, செண்டையின் அடி மட்டும் முன்னுக்கு வரும். தாளம் பிடித்தவனுக்கு அது வருத்தம்தான். இசைக்கென்றே வடிகட்டி வைத்த அடைப்பான்கள் இருக்கின்றன. 1980-களின் கடைசியிலிருந்து இசைக்கலைஞர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்த்துவதால் இசையின் நிறம் கெடுவதில்லை. விலை சில ஆயிரம் வரை போகும். நான் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இந்த முறை முன்வரிசையில் நின்றேன். உருட்டு, வீக்கன், தாளம் மூன்றையும் தனித்தனியே பிரித்துக் கேட்டேன். நெஞ்சில் அதிர்வதும் குறையவில்லை, ஏனென்றால் செண்டையின் அடியைக் காது மட்டுமா கேட்கிறது? வெறும் காதோடு நின்ற காலத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக விழுந்தது இப்போதுதான் புரிகிறது.

இது உண்மையிலேயே பயன் தருகிறதா என்று எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர் நியாயமாகக் கேட்டார். 2015 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் 51 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரே இசை விழாவில், சராசரி 100 டெசிபல் ஒலியில், நான்கரை மணி நேரம். பாதிப் பேருக்கு அடைப்பான் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு இல்லை. விழா முடிந்ததும் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்திருந்தது, போடாதவர்களின் காதுகளில் நூற்றுக்கு 42-இல். போட்டவர்களிடம் நூற்றுக்கு 8-இல் மட்டும். காதிரைச்சல் வந்தவர்கள் போடாதவர்களில் நூற்றுக்கு 40 பேர், போட்டவர்களில் 12 பேர். நான் நின்ற இரண்டரை மணி நேரத்தை இதோடு வைத்துப் பார்க்கிறேன்.

அம்மனுக்கு முன்னால் காதை அடைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு என்று எங்கள் பெரியப்பா வருத்தப்பட்டார். அவர் மனதைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. “பெரியப்பா, பூக்குழி இறங்கி வருகிறவனுக்கும் கால் நனைக்கப் பால்குழி வைக்கத்தானே செய்கிறோம்” என்றேன். சற்று நேரம் யோசித்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு உள்ளபடியே கவலை மேளக்காரப் பிள்ளைகளைப் பற்றித்தான். நாம் ஆண்டுக்கு நாலைந்து நாள் கேட்கிறோம். அவர்கள் சீசனில் நாள் தவறாமல் அடிக்கிறார்கள், மற்ற நாட்களில் ஓட்டுக் கூரைக்குக் கீழே நெருக்கமாக நின்று பயிற்சி எடுக்கிறார்கள். என் மருமகன் ஒரு குழுவில் உருட்டுச் செண்டை வாசிக்கிறான், வயது பத்தொன்பது. “மாமா, அதைப் போட்டால் பக்கத்தில் இருப்பவன் அடிப்பது கேட்காதே, காலம் தப்பிவிடுமே” என்றான். நியாயமான பயம். வடிகட்டி அடைப்பானைக் கொடுத்து, முதலில் பயிற்சியில் மட்டும் போட்டுப் பார் என்றேன். இரண்டு வாரம் கழித்து வந்து, “வாசித்து முடித்த ராத்திரியில் காதுக்குள் இரைச்சல் இல்லை மாமா” என்றான். அவனுக்கும் இரைச்சல் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். குழுவில் இருக்கிற பதினாறு பேரில் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். எல்லோருக்கும் உண்டு, அது தொழிலோடு வருவதுதானே என்றான். பத்தொன்பது வயதுப் பிள்ளை இதை இயல்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குழுத் தலைவர்களே, ஒரு செண்டைக்குத் தோல் மாற்றும் செலவோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கமிட்டியின் சம்மதத்தோடு, கொடைக்கு ஊரார் தரும் வரியை எழுதும் மேசையில் இருநூறு ஜோடி நுரை அடைப்பான் வாங்கி வைத்தோம். முதல் நாள் பதினோரு பேர்தான் எடுத்தார்கள். இரண்டாம் நாள் பெண்கள் வந்து கேட்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் வயதான அம்மாவுக்கும். கடைசி நாள், அம்மனுக்கு ஊட்டு என்கிற படையல் முடிந்து மேளம் ஏறுவதற்கு முன், சவுண்ட் சர்வீஸ்காரப் பையன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் வந்து நான்கு ஜோடி வாங்கிப் போனான். மீதி நாற்பத்து மூன்று ஜோடி இருந்தது. அடுத்த வாரம் பக்கத்துக் குருசடியில் கொடியேற்று. அங்கே பாட்டுக்குழுவில் இருக்கிற தம்பி நேற்று வந்து கேட்டான், பெட்டியோடு கொடுத்தனுப்பிவிட்டேன்.