ஸ்பேனர் நுழைய இடம் இருக்கா?

சுங்கை சிப்புட்டில் நேற்று ராத்திரி மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பிசிக்ஸ் படிக்கும் அக்கா மகன் போனை நீட்டினான். "மாமா, இதப் பாருங்க. செர்ன்ல இருக்கிற சி.எம்.எஸ். மொத்தம் 14,000 டன்." செர்ன் என்பது ஐரோப்பாவில் இருக்கும் அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடம். அங்கே துகள்கள் மோதும்போது தெறிப்பதைப் படம் பிடிக்கும் எந்திரமாம் இது.

நான் கேட்டது ஒன்றுதான்: "பழுதானா எப்படிடா கழற்றுவாங்க?"

சிரித்தான். ஆனால் அவனே தேடிப் படித்துக் காட்டினான், அசந்துபோனேன். அதைச் செய்தவர்கள் கழற்றுவதைத்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். ரொட்டித் துண்டுகளைப் போல வெட்டி வைத்த உருளை அது. மேலே தரையில் பூட்டிச் சோதித்துவிட்டு, துண்டு துண்டாக 100 மீட்டர் குழிக்குள் இறக்கினார்கள். காந்தத்தைத் தாங்கும் நடுத்துண்டு மட்டும் 1,920 டன். 2007 பிப்ரவரி 28-இல் அது இறங்க ஏறக்குறைய 10 மணி நேரம் பிடித்தது. சுவருக்கும் அதற்கும் 20 சென்டிமீட்டர்தான் இடைவெளி. கிரேன் ஆபரேட்டரை நினைத்தால் எனக்கே வேர்க்கிறது.

நடுத்துண்டு அசையாது. மற்றவற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று அடித்து, லேசாகத் தூக்கி நகர்த்துகிறார்கள். கேபிள்கள் சங்கிலித் தட்டில் கூடவே நீள்வதால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதில்லை. காந்தத்தை ஓட்டினால் இரும்புத் தட்டுகளை உள்ளே இழுக்கும்; அதற்கென்று முட்டு கொடுத்திருக்கிறார்கள். 2017 தொடக்கத்தில் வயிற்றுக்குள் இருந்த, துகள் போன தடத்தைப் பிடிக்கும் பிக்சல் கருவியையே எடுத்துப் புதிதாக வைத்தார்கள். அதே செர்னில் இருக்கும் இன்னொரு எந்திரமான அட்லஸ் 46 மீட்டர் நீளம், ஆனால் எடை பாதி, 7,000 டன். அதைக் குகைக்குள்ளேயே கட்டினார்கள். அதுவும் ஒரு வழிதான். என் ஓட்டு சி.எம்.எஸ்.ஸுக்கு.

ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், 22 வருஷம் செம்பனை மில்லில் பிட்டர் வேலை பார்த்தவன் நான். எண்ணெய் பிழியும் பிரஸ்ஸில் ஸ்குரூ தேயும், அது அதன் இயல்பு. கொட்டையோடும் மணலோடும் உரசுகிறதே. தேய்ந்தால் நேராக முன்னால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் மில்லில் முன்னால் என்ன இருந்தது தெரியுமா? படிக்கட்டு! வரைந்தவர் குளுகுளு அறையில் இருந்தார், ஸ்பேனர் பிடித்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னதற்கு, "பிளான் அப்ரூவ் ஆயிருச்சு அண்ணே, விடுங்க" என்றார்கள். பெரிய பட்ஜெட் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: படிக்கட்டை மூன்றடி தள்ளி வரைய எத்தனை வெள்ளி ஆகும்?

ஒவ்வொரு தடவையும் படிக்கட்டை வெட்டி, ஸ்குரூவை மாற்றி, திரும்ப வெல்டிங் அடித்தோம். தழும்புகளை எண்ணினால் நான் எத்தனை ஸ்குரூ மாற்றினேன் என்று சொல்லிவிடலாம். படிக்கட்டு இன்னும் அங்கேதான் நிற்கிறது.