ஒரு புக்குக்கா இவ்வளவு?

கிலோ 13 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காந்தி நகர் ஹாலில் ‘தி நைன்த் கேட்’ படம் போட்டோமே, அங்கே இருந்தவர்களுக்கு இது என்ன கணக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. வராதவர்களுக்கும் இதற்குள் ஸ்டிக்கர் வந்து சேர்ந்திருக்கும். என் மூஞ்சியை வெட்டி ஒட்டி, கையில் தராசு கொடுத்திருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு. தட்டுகூட நேராக நிற்கிறது. செய்த தம்பிக்கு வாழ்த்துகள்.

ஸ்டிக்கரில் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. (இருக்கிறது. அது தனிப் பஞ்சாயத்து.)

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ‘தி நைன்த் கேட்’ பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். போர் என்று சொல்லுங்கள். ஹீரோ ஜானி டெப் தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லுங்கள். 1999-ல் படம் வந்தபோதே நிறைய விமர்சகர்கள் கழுவி ஊற்றியதுதான், வேலூரில் நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. ஒருத்தர் தலையில் தூக்கி வைத்து ஆடுவார், பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட படம் அது. ஆனால் மைக்கைப் பிடித்து, “ஒரு பழைய புக்குக்காகவா இத்தனை கொலை? நம்ம பேப்பர் கடையில போட்டா கிலோ 13 ரூபா” என்பது படத்தைப் பற்றிய கருத்தே இல்லை. அதைச் சொல்லிவிட்டு பைண்டிங் கடைக்காரனான என் பக்கம் திரும்பி “பைண்டிங் அண்ணன் கோச்சுக்காதீங்க” என்றது எந்த வகை விமர்சனம் என்றும் எனக்குத் தெரியவில்லை. ஹாலே சிரித்தது. பாடம் நடத்துகிறவர்களும் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் படத்தின் ஆரம்பத்தைப் பார்த்தீர்களா, இல்லை அப்போதுதான் சமோசா வந்ததா? நியூயார்க்கில் ஒரு வீடு. அப்பா பக்கவாதத்தில் விழுந்து, பேச்சு போய், சக்கர நாற்காலியில் கிடக்கிறார். மகனும் மருமகளும் அவருடைய புத்தகங்களை விற்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். டெப் வருகிறான். அவன் பெயர் கோர்சோ, அரிய புத்தகங்களை வாங்கி விற்கிற தரகன். மொத்த சேகரிப்புக்கும் மலையளவு விலை சொல்லி அவர்கள் வாயைப் பிளக்க வைக்கிறான். அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் மிதக்கும்போது, ‘டான் கிஹோத்தே’ என்ற ஸ்பானிஷ் நாவலின் பழைய பதிப்பை, நான்கு தொகுதி, சல்லிசாகப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். பெரியவருக்கு எல்லாம் புரிகிறது. வாய் திறக்க முடியவில்லை. முகம் மட்டும் கோணுகிறது.

அந்த முகத்தை நான் நம்ம ஊரிலேயே பார்த்திருக்கிறேன். சத்துவாச்சாரியில், சாய்நாதபுரத்தில், “அப்பா புக்ஸ் கொஞ்சம் இருக்கு, வந்து பாக்குறீங்களா” என்று கூப்பிட்ட வீடுகளில். அந்த மகனும் மருமகளும் யார் என்று நினைக்கிறீர்கள்? கிலோ கணக்கைக் கேட்டுச் சிரித்த ஹால்தான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பாரபட்சம் என்று நாளைக்குச் சொல்வீர்கள்.

“புத்தகத்தை நேசிக்கிறவன் சிகரெட்டை ஊதிக்கொண்டே பக்கம் புரட்டுவானா?” நூற்றுக்கு நூறு சரி. பின்வரிசையில் அந்த அம்மா கேட்ட இந்த ஒரு கேள்விக்காகவே ஞாயிற்றுக்கிழமையை மன்னிக்கலாம். எனக்கும் வயிறு எரிந்தது. கதைப்படி அந்தப் புத்தகம், சாத்தானை வரவழைக்கும் புத்தகம், 1666-ல் அச்சானது, உலகத்தில் மூன்றே பிரதி. அதன் பக்கத்திலேயே நெருப்போடு உட்கார்ந்திருக்கிறான். துணிப்பையில் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ரயிலேறுகிறான். பழைய தாளை எப்படித் தொட வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது ஐயா. பக்கத்தின் மேல் மூலையில் விரலைக் கொடுத்து, அடியில் உள்ளங்கையைப் பரத்தித் திருப்ப வேண்டும். எச்சில் தொடக் கூடாது. புத்தகத்தைப் பட்டென்று மல்லாக்க விரித்து அழுத்தினால் முதுகு விட்டுவிடும். என் கடையில் யாராவது இப்படி சாம்பலைத் தட்டியிருந்தால் செருப்பு பிய்ந்திருக்கும். ஆக அந்தக் குறையை முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

“முடிவு புரியவில்லை.” போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் புரியாது. ஒவ்வொரு பிரதியிலும் ஒன்பது படம். அதில் ஆறு படத்தில் அச்சிட்டவனின் முதல் எழுத்துகள். மூன்றில் வேறு எழுத்து, அது சாத்தானுடைய கையெழுத்து. மூன்று பிரதியிலிருந்தும் அந்த மூன்று மூன்றையும் சேர்த்தால்தான் ஒன்பது. இதைப் படத்தில் தாளைத் தாளைக் காட்டி, கிட்டத்தட்ட கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். வில்லன் பால்கன், கோர்சோவை வேலைக்கு வைத்த பணக்காரன், அவன் கையில் இருந்த ஒன்பதாவது படம் போலி. அதை நம்பித் தன் மேலேயே நெருப்பு வைத்துக்கொண்டு எரிந்து போகிறான். அசல் எங்கே கிடைக்கிறது? ஸ்பெயினின் டொலேடோவில் இரட்டைச் சகோதரர்கள் நடத்தும் பழைய புத்தகக் கடையில், அலமாரியை நகர்த்தும்போது மேலேயிருந்து தூசியோடு சரிந்து விழுகிறது.

அந்த இரட்டையர்கள் வரும் காட்சிக்குத்தான் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இரண்டு கிழவர்கள், தாளையும் மையையும் பைண்டிங்கையும் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார்கள். ஒருத்தர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கிறார். இருவரையும் ஒரே நடிகர்தான் செய்திருக்கிறார், ஹோசே லோபெஸ் ரொடேரோ. கடைசியில் அலமாரி நகர்த்தும் கூலியாட்கள் இருவரும் அவரே. சினிமாவில் பைண்டிங்காரனுக்கு இவ்வளவு நேரம் மரியாதையாகக் கொடுத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து ஹாலில் மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள்.

“பேய்ப் படம் என்று கூட்டி வந்தாய், கடைசி வரை பேயே வரவில்லை.” இதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்த முறை எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் ஏற்பாடு செய்கிறேன்.

“சாத்தான் புத்தகமெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு ஒட்டாது.” ஓகோ. மகாபாரதத்தை வீட்டில் வைத்துப் படித்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்று சொல்லி, திரௌபதி அம்மன் கோயிலோடு விட்டுவிட்டு வருகிற ஊர் யாருடையது? சாவு விழாத வீட்டில் கருட புராணத்தைத் திறக்க விடாத பாட்டி யாருடைய பாட்டி? சரஸ்வதி பூஜை அன்றைக்குப் புத்தகத்தை அடுக்கிக் குங்குமம் வைத்து, படிக்காதே என்று பிள்ளையை அதட்டுவது யார்? கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை, அடுத்த வாரமே அதைக் கட்டி எடைக்குப் போடுகிறது. புத்தகத்துக்குள் ஏதோ இருக்கிறது என்று நம்பிப் பயந்த கூட்டம் நாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் அந்தப் பயமாவது இருந்த காலத்தில் புத்தகத்துக்கு ஒரு இடம் இருந்தது.

ஒரு புக்குக்கா என்று கேட்டீர்கள் அல்லவா. லாங் பஜார் பின்பக்கம் அப்பா கடை வைத்திருந்தபோது ஆரணிப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். நான் அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ. அவர்கள் அப்பா கூத்து வாத்தியார், காலமாகிவிட்டார். பிள்ளைகள் தனித்தனியாக ஜமா, அதாவது கூத்துக் குழு, கட்டப் போகிறார்கள். கொண்டு வந்தது கூத்து நோட்டு, தடியாக, வாத்தியார் தன் கையால் எழுதியது. ஓரமெல்லாம் விளக்குப் புகை. ஒரு பக்கத்தில் அரிதாரம் தொட்ட கட்டைவிரல் அப்படியே பதிந்து கிடந்தது, ரேகை தெரிகிற மாதிரி. நிலம், மாடு, வீடு எல்லாம் பிரித்தாகிவிட்டது, நோட்டு ஒன்றுதான் பாக்கி. நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதியாக பைண்டு பண்ணித் தரணும் என்றார்கள்.

ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே என்று இங்கே ஒருத்தர் கேட்பார், தெரியும். அப்பாவும் கேட்டார். “ஜெராக்ஸுல அப்பா கை படலியே” என்றார் பெரியவர். சின்னவர் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு அவர்கள் ஒத்துப் போன ஒரே விஷயம் அதுதான்.

அப்பா பிளேடால் தையலைப் பிரித்து, நோட்டை விரித்துக் காட்டினார். மடித்துத் தைத்த நோட்டில் முன்பக்கத் தாளும் பின்பக்கத் தாளும் ஒரே காகிதம். “இங்க அறுத்தா உன் தாளும் அவன் தாளும் ரெண்டும் பிடிப்பில்லாம உதிரும். ரெண்டு தாள் தள்ளி அறுக்கலாமா?” ரெண்டு தாள் யாருக்குக் கூடப் போகும் என்பதில் சண்டை ஆரம்பித்தது. கடைசியில் சரிபாதியில்தான் அறுத்தார்கள். உதிர்ந்த ஒவ்வொரு தாளுக்கும் அப்பா ஓரத்தில் காகிதப் பட்டை ஒட்டி, மைதா பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, காய வைத்து, மறுபடி தைத்தார். இரண்டு பேரும் சாப்பிடப் போகவில்லை. ஆளுக்கொரு ஸ்டூலில், தன் பாதியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பொழுது சாயும் வரை இருந்தார்கள். அறுத்த இடத்தில் ஒரு பாட்டு இருந்தது. முதல் அடிகள் அண்ணனுக்குப் போயின, மிச்சம் தம்பிக்கு. கூலி வாங்கும்போது அப்பா கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து வாங்கினார்.

அந்த இரண்டு பேரிடம் போய்க் கிலோ விலை சொல்லிப் பாருங்கள்.

புத்தகத்துக்காக யாரும் செத்ததில்லை, யாரும் எரித்ததில்லை, எல்லாம் கதை, அப்படித்தானே? உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனார். கோயிலில் இருந்த பழைய ஏடுகளையெல்லாம் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாகிவிட்டது என்றார்கள். சாஸ்திரப்படி செய்தார்களாம். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1981-ல் யாழ்ப்பாணம் நூலகத்தைக் கொளுத்தினார்களே, ஏறக்குறைய 97,000 புத்தகம் என்கிறார்கள், ஏடுகள் தனி. வெறும் பேப்பர் என்றால் எதற்கு வண்டி கட்டி வந்து கொளுத்த வேண்டும்? கொளுத்தியவனுக்குத் தெரிந்திருக்கிறது அதன் விலை. நமக்குத்தான் 13 ரூபாய்.

“அண்ணே, இது சினிமா, இதுக்குப் போய் யாழ்ப்பாணமா” என்பீர்கள். ஆமாம், யாழ்ப்பாணம்தான். நான் எங்கே போக வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

இது தோல் ஊர். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று சுற்றிலும் பதனிடுகிறவர்கள். ஆட்டுத்தோலைக் கையில் தடவிப் பார்த்தே விலை சொல்லும் ஆட்கள் இந்த ஹாலிலேயே இருந்தார்கள். அந்தத் தோலைப் போர்த்திய புத்தகத்தைக் காட்டினால் சிரிப்பு வருகிறது. என் கடைக்கு இப்போது வருவதெல்லாம் ஸ்பைரல் போடத்தான். அதற்கும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கிறேன். அதற்காக என்னை வைத்துச் சிரிக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

மைக்கில் பேசிய தம்பிக்கு ஒன்று. உங்கள் அப்பா எனக்குத் தமிழ் எடுத்தவர். அவர் அலமாரி எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், அதில் பாதிக்கு முதுகில் காலிகோ துணி ஒட்டியது எங்கள் அப்பா. அந்த அலமாரி இப்போது எங்கே என்று நான் மைக்கைக் கேட்டு வாங்கி உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இன்னொன்று, இன்பாக்ஸில் மூன்று பேர் கேட்டது. போலன்ஸ்கி மாதிரி ஆள் எடுத்த படத்தை எதற்குப் போட்டீர்கள் என்று. சிறுமி மீதான பாலியல் குற்ற வழக்கில் 1977-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த வருஷம் அமெரிக்காவை விட்டு ஓடியவர். நியாயமான கேள்வி. மற்ற எல்லாக் கேள்வியையும்விட நியாயம். அதைக் கேட்டு யாராவது எழுந்து போயிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஹாலில் ஒருத்தரும் கேட்கவில்லை, கிலோ விலைதான் கேட்டார்கள்.

இந்தப் படம் ஸ்பானிஷ் நாவலிலிருந்து வந்தது. பெரெஸ் ரெவெர்ட்டே 1993-ல் எழுதியது. நாவலில் பிரெஞ்சு எழுத்தாளர் துமாஸைச் சுற்றி இருந்த கதையை அப்படியே கழற்றி வைத்துவிட்டார்கள், அதனால் படம் நொண்டுகிறது என்று கல்லூரி நூலகத்தில் இருக்கும் நண்பர் சொன்னார். இது கருத்து. இதோடு ராத்திரி முழுக்க மல்லுக்கு நிற்கலாம், நின்றோம். டீக்கடை மூடும் வரை நின்றோம். அவருக்குப் படம் பிடிக்கவே இல்லை. எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்த மாதப் படத்தை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நான் வருவேனா என்று போன் போட்டுக் கேட்க வேண்டாம். புரொஜெக்டருக்குக் கொடுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்னுடையது, சிவப்பு ஒயர். யார் எடுத்துப் போனீர்களோ, கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும். கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள்.