48 நிமிடமாம்!

திருச்சி விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையத்துக்கு 238 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 48 நிமிடம். கைப்பேசியில் ஒரு தளத்தில் இப்படிப் போட்டிருந்ததை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நீலக் கோட்டை வளைத்து, அதன் மேல் குட்டி விமானம் ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள். நான் போகும் தேதிகளில் அந்த வழியில் பறப்பது அந்தக் குட்டி விமானம் மட்டும்தான் என்பது, திருச்சிக்கு டிக்கெட் எடுத்த பிறகல்லவா தெரிந்தது!

அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் நான். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் திருச்சி, அங்கிருந்து 48 நிமிடம். இந்த அழகான கணக்கை மேலாளரிடம் ஒப்பித்து, மூன்றே நாள் விடுப்பு வாங்கிவிட்டேன்.

தேக்கா சந்தையில் ஆற்றிய தேநீரான தே தாரிக் ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த டிக்கெட்டைத் தேடினேன். வந்தது என்ன? திருச்சியிலிருந்து வடக்கே சென்னை. அங்கே ஐந்தரை மணி நேரம் தவம். பிறகு வந்த வழியே தெற்கே தூத்துக்குடி. 290 கிலோமீட்டர் ஏறி, 525 கிலோமீட்டர் இறங்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இவர்கள் ஊரையே சுற்றித் தொடச் சொல்கிறார்கள். தேநீரில் ஆடை படிந்ததுதான் மிச்சம்.

அந்த 48 எப்படி வந்தது என்று ஆத்திரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 238 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஜெட் வேகத்தில் கடந்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் அச்சு அசலாக 48! அவ்வளவுதான் சங்கதி. விமானம் இருக்கிறதா இல்லையா என்பது அவர்கள் கவலை இல்லை. இதே கணக்கில் ஈசூனில் என் வீட்டு மாடியிலிருந்து ஆஸ்திரேலியாவின் டவுன்சுவில்லுக்கும் நிமிடம் சொல்வார்கள். சென்னையிலிருந்து எனக்குக் காட்டியதோ விசிறி சுழலும் ஏடிஆர் ரகச் சிறு விமானம். அது மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம்.

பெட்டிக் கதை தனி. சிங்கப்பூரிலிருந்து 30 கிலோ கொண்டுபோகலாம். உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான். மீதி 15 கிலோ மைலோவையும் கோடாலித் தைலத்தையும் சென்னையில் யாருக்குத் தானம் செய்வது?

முதலிலேயே சென்னைக்கு எடுத்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் மிக நிதானமாகக் கேட்டார். அந்த 48 நிமிடத்தை நம்பித்தானே ஐயா திருச்சிக்கு எடுத்துத் தொலைத்தேன்!

இனி பஸ்தான். நான்குவழிச் சாலையில் மதுரை வழியாக ஏறக்குறைய 270 கிலோமீட்டர். காரிலேயே ஐந்து மணி நேரம் ஆகும். கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் கடலைத் தாண்ட நான்கு மணி நேரம் போதும், சொந்த ஊர் போய்ச் சேர அதைவிட அதிகம்.

அக்கா காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டாள். எத்தனை மணிக்கு வருவாய் என்றுதான் கேட்பாள். ஆசாரியைக் காலை ஒன்பது மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்களாம்.