பச்சை முன்னாடியே விழோணுமுங்க

ஆம்புலன்ஸ் வந்தா தானா பச்சை விழற சிக்னல் நம்ம கோயமுத்தூருக்கும் வேணும்னு ஆளாளுக்குப் பேசறாங்க. வேண்டாம்னு யார் சொல்லப்போறாங்க? எந்த மாதிரி வேணும்ங்கறதுலதானுங்க விஷயமே இருக்குது.

வண்டி வாரதைக் கண்டுக்க சிக்னல்கிட்ட ரோட்டுக்கடியில புதைக்கிற கம்பிச்சுருளுக்கு ஏதோ வண்டி நிக்குதுன்னுதான் தெரியும். அது ஆம்புலன்ஸா, டெம்போவான்னு தெரியாது. அதனால "நான் வாரேன்"னு ஆம்புலன்ஸே சொல்லோணும். 1960கள் கடைசியில அமெரிக்காவுல இதுக்கு விளக்கை வெச்சாங்க. வண்டி மேல அது வினாடிக்கு சுமார் 14 தடவை மின்னும், கம்பத்துல இருக்கற சென்சார் அதைக் கண்டுக்கும். பஸ்ஸுக்கு முன்னுரிமைன்னா சுமார் 10 தடவை. ரெண்டும் ஒண்ணா வந்தா 14க்குத்தான் மொத மரியாதை.

நல்ல ஏற்பாடுதான். ஆனா நடுவுல தேங்காமட்டை லோடு லாரி ஒண்ணு நின்னாப் போதும், சென்சாருக்கு ஒண்ணும் தெரியாது. சைரன் சத்தத்தைக் கேட்டு மாறற சிக்னலும் இருக்குது. நம்ம ஏர்ஹார்ன் கச்சேரியில அதை நான் நம்ப மாட்டேன்.

என் ஓட்டு ஆம்புலன்ஸ்ல மாட்டற ஜிபிஎஸ் கருவிக்கு. வண்டி எங்க இருக்குது, எந்தப் பக்கம் வருது, என்ன வேகம்னு தூரத்துலயே சொல்லிரும். அந்தத் தூரம் முக்கியமுங்க. கேட்ட உடனே பச்சை போட முடியாது. குறுக்க வாரவங்களுக்கு மஞ்சள், அப்பறம் எல்லாப் பக்கமும் சிவப்பு, அதுக்கப்பறம்தான் பச்சை. முன்னாடி நிக்கற வண்டிகளும் நகரோணுமில்ல?

கோட்டுல கால் ஊணி நிக்கற எக்ஸெல்காரரைப் பாருங்க. கண்ணாடியில ஆம்புலன்ஸ் தெரியுது, திரும்பித் திரும்பிப் பாக்கறார், ஹேண்டிலை ஒடிக்கறார், நகர மாட்டேங்கறார். மேல கேமரா. தாண்டுனா ஃபைன். தாண்டலைன்னா, 2019 திருத்தச் சட்டப்படி வழிவிடாததுக்கு 10,000 ரூபாய், இல்லாட்டி 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? ஆம்புலன்ஸ் அவர் முதுகுக்கு வாரதுக்குள்ள பச்சை விழுந்திருந்தா அவர் பாட்டுக்குப் போயிருப்பார்.

நம்மூர்ல பல சந்திப்புல சிக்னலை எடுத்துட்டு யூ-டர்ன் விட்டாச்சு, அங்க இதை மாட்ட இடமே இல்லை. அவினாசி ரோட்டு மேம்பாலம் 10 கிலோமீட்டர்; அதுல பறந்து வந்தாலும் கீழ எறங்கித்தான் ஜி.எச். போகோணும். அந்த வழியில மிச்சமிருக்கற சிக்னல் அத்தனையும் ஒண்ணோட ஒண்ணு பேசற மாதிரி மாட்டுங்க. ஒரே ஒரு சிக்னல்ல மாட்டி ரிப்பன் வெட்டுனா, நெரிசல் அடுத்த சிக்னலுக்குத்தான் போகும்.

அப்பறம் ஒண்ணு, அந்தக் கருவியை அமைச்சர் கார்ல மாட்டிராதீங்க சாமி.