அரைத்த மாவுதான், அதனால் என்ன?

ராபர்ட் ஜோர்டனின் மாயாஜால நாவல் 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' ஒருவழியாக முடித்தேன். 1990இல் வந்தது, 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையின் 14 தொகுதிகளில் முதலாவது. வாரம் இரண்டு தடவை புனலூர் போய்வருகிற ரயிலில் படித்ததால் இரண்டு மாதம் இழுத்துவிட்டது.

கதை அரைத்த மாவுதான். ஆடு மேய்க்கும் பையன், ஊருக்குத் திடீரென வரும் மந்திரக்காரி, துரத்துகிற மிருகமுகப் படை, உலகைக் காக்கப் பிறந்தவன் இவன்தானோ என்ற சந்தேகம். 1954இலேயே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் டோல்கீன் போட்ட தடம். நண்பர்கள் இதைத்தான் குறை என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

காரணம் அந்தப் பையனின் ஊர். பக்கத்துத் தோணித்துறைக்காரன் என்றாலே 'ஏமாற்றுக்காரன்' என்பார்கள், ஆற்றைத் தாண்டி வந்தவன் எல்லாம் அசலூரான். கேரள எல்லையோரப் புளியரைக்காரனான எனக்கு இதை விளக்கவா வேண்டும்? எல்லையிலிருக்கும் கோட்டைவாசல் தாண்டினால் மலையாளிகளுக்கு நாம் 'பாண்டி'. அவர்களைப் பற்றி எங்கள் ஆச்சி சொல்வதை இங்கே எழுத முடியாது. இத்தனைக்கும் 1956 வரை பக்கத்துச் செங்கோட்டையே திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது!

அப்புறம் அந்த ராத்திரி. வெட்டுப்பட்ட அப்பாவை வண்டிக் கம்பில் கட்டிய தூளியில் போட்டு, சாலைக்கு வரப் பயந்து காட்டுக்குள்ளேயே இழுத்துப் போகிறான் பையன். காய்ச்சல் வேகத்தில் அப்பா பிதற்றுகிறார்: பனிமலையில் ஒரு குழந்தையைக் கண்டெடுத்தாராம். யார் அந்தக் குழந்தை என்று இவனுக்குப் புரிகிறது, ஆனாலும் கை விடாமல் இழுக்கிறான். பகவதிபுரம் தாண்டி ரயில் குகைக்குள் நுழைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

மந்திரத்தையும் நன்றாக யோசித்திருக்கிறார். ஆண்களுக்கான சக்தியில் நஞ்சு கலந்திருக்கிறது, தொட்டவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். அதனால் தனக்குச் சக்தி இருப்பதே நாயகனுக்குப் பீதி.

சரி, குறைக்கு வருகிறேன். நடுவில் நாயகனும் அவன் நண்பனும் சத்திரம் சத்திரமாகப் போகிறார்கள். குழல் வாசிப்பு, ஒருவேளைச் சோறு, யாரோ துரத்தல், மறுபடி ஓட்டம். நூறு பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். பெண்கள் கோபத்தை விட்டு இறங்குவதே அபூர்வம்.

முடிவுதான் எரிச்சல். எழுநூறு பக்கம் மாட்டுவண்டி வேகத்தில் வந்த கதை, கடைசியில் பிரேக் இல்லாத லாரி மாதிரி எஸ் வளைவில் இறங்குகிறது. அதுவரை முகம் காட்டாத இரண்டு வில்லன்கள் முளைக்கிறார்கள், வானத்தில் சண்டை நடக்கிறது. நாயகன் என்ன செய்து ஜெயித்தான்? இரண்டு தடவை படித்தும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

இரண்டாம் தொகுதி வாங்கிவிட்டேன். அந்த அப்பா பிழைத்துக்கொண்டார். பையன் அவரிடம் போய் எப்போது கேட்பான் என்று தெரியணுமே.