நாபோத்தும் ஒன்றரை அடி நிலமும்

வேதாகமத்தை வாசிக்கிற நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கதையைத் திறந்தாலும் அதில் நல்லவர் யாரோ அவருடைய அங்கியை முதலில் எடுத்துத் தாம் உடுத்திக்கொள்வார்கள். மிச்சமிருக்கிற கோலியாத், பார்வோன், ஏரோது ஆகியோரின் வேடங்களைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சம்பந்திக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். தாமிரபரணிப் பக்கத்து ஊர் ஒன்றில், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிற அண்ணாச்சி, ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகியவர். தை மாதத்தில் ஒருநாள், அதே சபையைச் சேர்ந்த ஞானமுத்து, தம் உடன்பிறந்த தம்பியின் மேல் மனு எழுதுவதற்காக அவரிடம் வந்தார்.

ஞானமுத்து: ஸ்தோத்திரம் அண்ணாச்சி. வட்டாட்சியருக்கு ஒரு மனு எழுத வேண்டும். நீங்கள் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இரவு முழுவதும் ஜெபித்து வாசகத்தை ஆயத்தப்படுத்தி வைத்திருப்பதால், நான் சொல்லச் சொல்ல எழுதினாலே போதும்.

அண்ணாச்சி: அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. அதற்குக் கீழே வருவதெல்லாம் உமது பொறுப்பு. சொல்லும்.

ஞானமுத்து: “ஐயா, யாபேசின் எல்லை பெரிதாக்கப்பட்டதுபோல என் எல்லையையும் பெரிதாக்கித் தரும்படி தங்கள் சமுகத்தில் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.”

அண்ணாச்சி: (பேனாவை மூடுகிறார்) ஓய், யாபேஸ் அந்த விண்ணப்பத்தைத் தேவனிடம் வைத்தான், வருவாய்த் துறையிடம் வைக்கவில்லை. புத்தாண்டு ஆராதனையில் ஆண்டு முழுவதற்குமான வசனம் என்று நீர் தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனம்தான் இருந்ததா?

ஞானமுத்து: ஆம் அண்ணாச்சி. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதை எடுத்த நிமிடத்திலேயே, என் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் அவன் வைத்திருக்கிற ஒன்றரை அடி நிலம் என்னைச் சேர வேண்டியது என்று உள்ளத்தில் உணர்த்தப்பட்டேன்.

அண்ணாச்சி: உம்முடைய தம்பியும் அதே ஆராதனையில், அதே தட்டிலிருந்துதானே எடுத்திருப்பார்? அவருக்கு என்ன வந்தது?

ஞானமுத்து: “நேர்த்தியான இடங்களில் எனக்குப் பங்கு கிடைத்தது” என்கிற பதினாறாம் சங்கீதம். அட்டைகளைக் கலைத்து வைத்தவர் அதைக் கவனமாகச் செய்யவில்லை என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

அண்ணாச்சி: அப்படியானால் உமது கையில் இருப்பது விண்ணப்பம், அவர் கையில் இருப்பது உத்தரவு. இந்த அலுவலகத்தில் உத்தரவை மீறி விண்ணப்பம் வென்றதை நான் பார்த்ததில்லை. அது போகட்டும். யாபேஸ் அதே மூச்சில், தீங்குக்குத் தன்னை விலக்கிக் காக்கும்படியும் வேண்டிக்கொண்டானே, அந்தப் பாதி உமது அட்டையில் இருக்கிறதா?

ஞானமுத்து: சிறிய அட்டை, அண்ணாச்சி. அவ்வளவுக்கு இடம் இல்லை. யாபேசு வேண்டாம் என்றால் தாவீதைப் போடுங்கள். “கோலியாத்துக்கு முன் நின்ற தாவீதைப் போல, நிராயுதபாணியாகத் தங்கள் முன் நிற்கிறேன்.”

அண்ணாச்சி: கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று எழுதியிருக்கிறது. உமது தம்பி ஆராதனைக்கு வரும்போது, நற்கருணைப் பலகையில் முழங்கால்படியிட்ட பின் எழுந்து நிற்பதற்கு யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது. அவரைக் கோலியாத் என்று எழுதினால், விசாரணைக்கு வருகிற கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துவிட்டு என்மேல் வழக்குப் போடுவார். மேலும் தாவீது எட்டுப் பிள்ளைகளில் இளையவன். நீர் வீட்டுக்கு மூத்தவர். அந்த அதிகாரத்தில் மூத்த அண்ணன் ஒருவன் வருகிறான், நினைவிருக்கிறதா?

ஞானமுத்து: எலியாப். அவன் என்ன செய்தான்?

அண்ணாச்சி: பத்து அப்பங்களும் பத்துப் பால்கட்டிகளும் தூக்கிக்கொண்டு போர்க்களத்துக்கு வந்த தம்பியைப் பார்த்து, அந்தக் கொஞ்ச ஆடுகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்று கோபித்துக்கொண்டான். அத்தோடு அவனுக்கு அந்தக் கதையில் வேலை முடிந்தது.

ஞானமுத்து: தாவீதை அடித்துவிடுங்கள். ஆனாலும் இது என் சுய விருப்பம் அல்ல என்பதை வட்டாட்சியர் அறிய வேண்டும். கிதியோன் தோலை விரித்து அடையாளம் கேட்டதுபோல, நானும் அடையாளம் கேட்ட பிறகே புறப்பட்டேன். இரவில் மதில்மேல் ஒரு துண்டை விரித்து வைத்து, காலையில் அது நனைந்திருந்தால் மனுக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்தேன். பிழிந்தால் கிண்ணம் நிறையும் அளவுக்கு நனைந்திருந்தது.

அண்ணாச்சி: தை மாதத்துப் பனியில் அந்தத் துண்டு நனையாமல் இருந்திருந்தால்தான் அது அற்புதம். கிதியோன் தோல் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும் என்றல்லவா கேட்டான்! தரை எப்படி இருந்தது?

ஞானமுத்து: தரையைப் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்ததிலேயே இருதயம் நிறைந்துவிட்டது.

அண்ணாச்சி: மறுநாள் இரவு அவன் தோல் காய்ந்து தரை நனையும்படி மாற்றிக் கேட்டானே, நீர் கேட்டீரா?

ஞானமுத்து: சாதகமான பதில் வந்த பிறகு மறுபடியும் தேவனைத் தொந்தரவு செய்வது அவபக்தி என்று நினைத்தேன்.

அண்ணாச்சி: கிதியோன், மீதியானியருக்குப் பயந்து ஆலையில் மறைந்து கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தவன், செய்வதற்குப் பயந்த காரியத்துக்காக அவன் அடையாளம் கேட்டான். ஏற்கெனவே செய்வதென்று முடிவுசெய்துவிட்ட காரியத்துக்குத் துண்டைச் சாட்சியாக அழைத்தவரை நான் வேதத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். நிலத்தின் அளவைச் சொல்லும், அதையாவது எழுதுவோம்.

ஞானமுத்து: அகலம் ஒன்றரை அடி, நீளம் நாற்பது அடி.

அண்ணாச்சி: அறுபது சதுர அடி. ஒரு சென்ட்டில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

ஞானமுத்து: அளவு முக்கியமல்ல, அண்ணாச்சி; நியாயம் முக்கியம். இப்போது பாருங்கள், சரியான கதை அகப்பட்டுவிட்டது. நாபோத்! “என் பிதாக்களின் சுதந்தரத்தை உமக்குக் கொடுக்க மாட்டேன்” என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்ன மனிதன். நான் நாபோத், அவன் ஆகாப். இதை எழுதுங்கள், வட்டாட்சியர் எந்த மதத்தவராக இருந்தாலும் கண்கலங்கிவிடுவார்.

அண்ணாச்சி: (உற்சாகமாகப் பேனாவைத் திறக்கிறார்) இது நில விவகாரம், பொருந்தும். இப்போது நிலம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது?

ஞானமுத்து: தம்பியின் அனுபவத்தில். அப்பா இறந்து பாகம் பிரித்த நாளிலிருந்தே.

அண்ணாச்சி: பட்டா?

ஞானமுத்து: அவன் பெயரில்.

அண்ணாச்சி: அதைக் கேட்பவர்?

ஞானமுத்து: நான்.

அண்ணாச்சி: எதற்காக என்று ஒரு வரி எழுத வேண்டும்.

ஞானமுத்து: என் வீட்டுக்கு அடுத்து இருப்பதால், நாலு முருங்கைப் போத்து ஊன்றி, நடுவில் கொஞ்சம் கீரை விதைக்கலாம் என்று.

அண்ணாச்சி: (எழுதாமல் நிமிர்ந்து பார்க்கிறார்) ஞானமுத்து, ஆகாப் அந்தத் திராட்சத்தோட்டத்தை எதற்காகக் கேட்டான்?

ஞானமுத்து: அவன் வீட்டுக்கு அடுத்து இருந்ததால், கீரைக்கொல்லை போடுவதற்கு... (சற்று நேரம் பேச்சில்லை) அண்ணாச்சி, கீரையை எடுத்துவிடுங்கள். முருங்கை மட்டும் இருக்கட்டும்.

அண்ணாச்சி: கீரையை எடுத்தால் ஆகாப் நாபோத்தாகிவிடுவானா?

ஞானமுத்து: ஒரு கீரையை வைத்து என்னை ஆகாப் என்று சொல்லிவிட முடியாது. நான் பட்ட மனவேதனையை எழுதுங்கள், அப்போது தெரியும். கேட்ட நிலத்தை அவன் தர மாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு, வீட்டுக்குப் போய்க் கட்டிலில் விழுந்தவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாமல் கிடந்தேன்.

அண்ணாச்சி: கட்டிலில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல்.

ஞானமுத்து: ஆம்.

அண்ணாச்சி: அப்போது உமது வீட்டம்மா வந்து, “எழுந்து சாப்பிடுங்கள், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அந்த நிலத்தை நான் உங்களுக்கு வாங்கித் தருகிறேன்” என்று சொல்லவில்லை அல்லவா?

ஞானமுத்து: (வியந்து) இதை உங்களுக்கு யார் சொன்னது? கருவாட்டுக் குழம்போடு வந்து, சொல்லுக்குச் சொல் அதையேதான் சொன்னாள். மனுவின் வாசகமும் அவள் எழுதிக் கொடுத்ததுதான்.

அண்ணாச்சி: இரவு முழுவதும் ஜெபித்து ஆயத்தப்படுத்தியது நீர் அல்லவா?

ஞானமுத்து: ஜெபித்தது நான். வாசகம் அவளுடையது. கையெழுத்து மட்டும் என்னுடையதாக இருக்கும்.

அண்ணாச்சி: சாட்சிகள் இருக்கிறார்களா? இரண்டு பேர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்.

ஞானமுத்து: இரண்டே பேர்தான். அதில் ஒருவர் என் மைத்துனர். எல்லைக்கல்லைத் தம்பி பெயர்த்து நட்டதைப் பார்த்ததாகச் சொல்லுவார்.

அண்ணாச்சி: பார்த்தாரா?

ஞானமுத்து: அந்தச் சமயத்தில் அவர் மும்பையில் இருந்தார். ஆனால், காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று எழுதியிருக்கிறதே!

அண்ணாச்சி: அது உயிர்த்தெழுதலைக் குறித்துத் தோமாவிடம் சொல்லப்பட்டது, நில அளவையரிடம் சொல்வதற்கல்ல. ஞானமுத்து, ஒன்று சொல்கிறேன் கேளும். நாபோத்துக்கு விரோதமாக இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தும்படி, ஆகாபின் மனைவி யேசபேல் அவன் பெயரால் நிருபங்களை எழுதி அவன் முத்திரையைப் போட்டாள் என்று ராஜாக்களின் புத்தகம் சொல்கிறது. ராணியாகப்பட்டவள் தாமே மசி தொட்டு எழுதியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அரண்மனைக்கு எதிரே ஏதோ ஒரு மரத்தடியில் மேசை போட்டிருந்த எவனோ ஒருவனைத்தான் கூப்பிட்டிருப்பாள். அவன் பெயரை எழுதாமல் விட்டது வேதம் அவனுக்குக் காட்டிய தயவு. அந்தத் தயவு எனக்கும் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லாததால், இந்த மனுவை நான் எழுதப்போவதில்லை.

ஞானமுத்து: என்னை ஆகாப் என்றே முடிவுசெய்துவிட்டீர்களா?

அண்ணாச்சி: நான் செய்யவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் ஒருவன் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னபோது, தாவீது தன்னை நியாயாதிபதியாக நினைத்துக்கொண்டுதான் கேட்டான். அந்த ஐசுவரியவான் சாக வேண்டும், நாலத்தனை திரும்பக் கொடுக்க வேண்டும் என்று தண்டனையும் சொல்லிவிட்டான். அந்த மனிதன் தானேதான் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. சங்கீதம் பாடியவருக்கே அப்படி என்றால், மனுக் கொடுக்க வந்த உமக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஞானமுத்து: நான் மூத்தவன், அண்ணாச்சி. முதற்பேறானவனுக்கு இரண்டு பங்கு என்று உபாகமத்தில் இருக்கிறது. அப்பாவே அதை ஒருநாள் குடும்ப ஜெபத்தில் வாசித்தார். எனக்காகத்தான் வாசித்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி: அன்றைய பகுதி அதுவாக இருந்ததால் வாசித்திருப்பார். மூத்தவர்களைப் பற்றிப் பேசினால், ஆபிரகாமும் தம் சகோதரன் மகன் லோத்துக்கு மூத்தவர்தான். மேய்ப்பருக்குள்ளே சண்டை வந்தபோது, நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சின்னவனிடம் கொடுத்தார்.

ஞானமுத்து: அவருக்கு நிலம் ஏராளமாக இருந்தது, கொடுத்தார்.

அண்ணாச்சி: மனைவி சாராள் இறந்தபோது அடக்கம் செய்வதற்கு இடமில்லாமல், மக்பேலா குகையை 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய மனிதர் அவர். உமக்காவது சபைக் கல்லறைத் தோட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

ஞானமுத்து: ஆண்டவரிடமே நேரில் போய், பாகத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்று கேட்கலாம் போலிருக்கிறது.

அண்ணாச்சி: ஒருவன் கேட்டிருக்கிறான், லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில். உங்களுக்குப் பங்கிடுகிறவனாக என்னை வைத்தவன் யார் என்று திருப்பிக் கேட்டார். அதோடு, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த இரவிலேயே செத்துப்போனவன் கதையையும் சொல்லி அனுப்பினார்.

ஞானமுத்து: (பெருமூச்சு விட்டு) அப்படியானால் அண்ணனும் தம்பியும் சமாதானமான கதையாக ஒன்று சொல்லுங்கள். அதிகச் செலவு இல்லாததாக இருக்கட்டும்.

அண்ணாச்சி: யாக்கோபும் ஏசாவும் இருக்கிறார்கள். அண்ணனுடைய கோபத்தை ஆற்றுவதற்கு, வெள்ளாடு 200, கடா 20, செம்மறியாடு 200, ஆட்டுக்கடா 20, பால் கொடுக்கிற ஒட்டகம் 30, பசு 40, காளை 10, கழுதை 20, கழுதைக்குட்டி 10 என்று யாக்கோபு மந்தை மந்தையாக இடைவெளி விட்டு அனுப்பினான். ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படி.

ஞானமுத்து: (முகம் மலர்கிறது) நில்லுங்கள். அனுப்பியவன் தம்பி, வாங்கியவன் அண்ணன். நான் அண்ணன். கடைசியில் ஒரு கதை எனக்குச் சரியாகப் பொருந்துகிறது! நான் ஏசா. 550 வேண்டாம், ஒரு கிடாயும் ஒரு பசுவும் அவன் அனுப்பினால் போதும்.

அண்ணாச்சி: நல்லது, நீர் ஏசாவாகவே இரும். ஆனால் அந்த இடத்தில் ஏசாவுக்கு உள்ள வேலை என்ன என்று பார்த்துக்கொள்ளும். தம்பி வருவதைக் கண்டதும் எதிர்கொண்டு ஓட வேண்டும், தழுவ வேண்டும், கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டு அழ வேண்டும், பிறகு, “எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உனக்கு இருக்கட்டும்” என்று சொல்ல வேண்டும். அதுவும் தெருவில், எல்லாரும் பார்க்க.

ஞானமுத்து: (நீண்ட யோசனைக்குப் பிறகு) நான் யாக்கோபாகவே இருந்துவிடுகிறேன், அண்ணாச்சி. ஒரு தார் வாழைப்பழத்தோடு முடிந்துவிடும். முதலில் பேரனிடம் ஒரு சீப்பு, கொஞ்சம் இடைவெளி விட்டு மகனிடம் ஒரு சீப்பு, கடைசியில் நான்.

அண்ணாச்சி: இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பதே ஒன்றரை அடி. இதில் இடைவெளிக்கு எங்கே போவீர்? சரி, 50 ரூபாயை வைத்துவிட்டுப் போம்.

ஞானமுத்து: மனுதான் எழுதவில்லையே?

அண்ணாச்சி: அனுப்புநர், பெறுநர், பொருள் மூன்றும் எழுதியாயிற்று. தாள் வீணாகிவிட்டது.

ஞானமுத்து: முப்பது ரூபாய் தருகிறேன். இல்லை, இருபது.

அண்ணாச்சி: மாமனார் லாபான் யாக்கோபின் சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினான். நீர் இப்போதே இரண்டு முறை மாற்றிவிட்டீர்.

ஞானமுத்து: அப்படிப் பார்த்தால் எனக்கு இன்னும் எட்டு முறை பாக்கி இருக்கிறது, அண்ணாச்சி. பதினைந்து?